ஐ.சீ.டி. சேர் இடமாற்றம் பெற்றுப் போனால் பாடசாலையின் மின்னஞ்சலும் போக வேண்டுமா?

ஒரு பாடசாலையில் அதிபர் மாறும்போது என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இன்வென்டரி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் எண்ணப்படும். உடைந்த கதிரைக்கும் கணக்குக் காட்ட வேண்டும். லொக் புத்தகம், காசோலைப் புத்தகம், இறப்பர் முத்திரை, இரும்புப் பெட்டியின் திறப்பு எல்லாம் கையொப்பம் வைத்துக் கையளிக்கப்படும்.

பாடசாலையின் மின்னஞ்சல் முகவரியையும் அதன் பாஸ்வேர்டையும் அப்படிக் கையொப்பம் வைத்து யாராவது யாருக்காவது கொடுத்ததைக் கண்டிருக்கிறோமா? நாம் காணவில்லை.

இன்று வலயக் கல்வி அலுவலகம் விபரம் கேட்பது மின்னஞ்சலில். பயிற்சிப் பட்டறைக்குப் பெயர் கேட்பதும் அதில். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவன் தன் விடுகைப் பத்திரத்தைப் பற்றிக் கேட்பதும் அதில். அலுவலகத்துக்கு வரும் தபாலை விட அதில் வருவது அதிகம். ஆனால் அந்தத் தபால் பெட்டியின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சரியான பதில் இல்லை.

நம் பாடசாலைகளின் மின்னஞ்சல் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு முன் மின்னஞ்சலில் அனுப்பவும் என்று ஒரு கடிதம் வரும். அதிபர் உடனே ஐ.சீ.டி. சேரைக் கூப்பிடுவார். ஐ.சீ.டி. ஆசிரியர் இல்லாத பாடசாலை என்றால் ஸ்மார்ட் போன் நன்றாகப் பாவிக்கத் தெரிந்த ஓர் இளம் ஆசிரியரைக் கூப்பிடுவார். அவர் பத்து நிமிடத்தில் ஒரு ஜீமெயில் கணக்கைத் திறப்பார். கூகுள் தொலைபேசி இலக்கம் கேட்கும், தன் இலக்கத்தைக் கொடுப்பார். பாஸ்வேர்ட் மறந்தால் மீட்பதற்கு இன்னொரு முகவரி கேட்கும், தன் சொந்த முகவரியைக் கொடுப்பார். அவரிடம் எந்தப் பிழையும் இல்லை. அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை.

சில வருடங்கள் கழித்து அவருக்கு இடமாற்றம் வரும். பிரியாவிடை வைப்போம், அன்பளிப்புக் கொடுப்போம், போட்டோ எடுப்போம். அடுத்த மாதம் அலுவலகக் கணினியைத் திருத்தக் கொடுத்து எடுத்ததும் ஜீமெயில் பாஸ்வேர்ட் கேட்கும். ஒருவருக்கும் தெரியாது. கூகுள் அனுப்பும் குறியீடு அவருடைய பழைய சிம்முக்குப் போகும். அவர் அந்த சிம்மை எப்போதோ மாற்றியிருப்பார். கடைசியில், பாடசாலையின் பெயருக்குப் பின்னால் ஓர் இலக்கத்தைச் சேர்த்து இன்னொரு ஜீமெயில் திறக்கப்படும். ஆனால் கடிதத் தலைப்பு, விடுகைப் பத்திரப் படிவம், வலயத்தின் பட்டியல் எல்லாவற்றிலும் பழைய முகவரியே நிற்கும்.

இன்னொரு விடயமும் உண்டு. இரண்டு வருடங்கள் பாவிக்கப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரில் இருந்து நடைமுறைப்படுத்துகிறது. பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய கணக்கு ஒருநாள் அதற்குள் இருக்கும் கடிதங்களோடு இல்லாமலே போகலாம்.

இதனால் என்ன பெரிய நட்டம் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறோம். நாம் அறிந்த ஒரு பாடசாலையின் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் கொடுத்த பாடசாலைச் சான்றிதழ் உண்மையானதா என்று உறுதிப்படுத்தும்படி அவர்கள் பாடசாலைக்கு எழுதினார்கள். சான்றிதழின் தலைப்பில் அச்சடித்திருந்த முகவரிக்குத்தான் எழுதினார்கள். அந்தக் கணக்கைத் திறக்க ஆளில்லை. பிள்ளையின் வாப்பா அலைந்து திரிந்து விடயத்தைக் கண்டுபிடித்த பிறகு அதிபர் தன் சொந்த ஜீமெயிலில் இருந்து பதில் எழுதினார். இந்த முகவரி பாடசாலையினுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று திரும்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் பெயரிலும் யாரும் ஒரு ஜீமெயில் திறக்கலாம். கடிதம், முத்திரை, ஸ்கேன் என்று ஓடித் திரிவதற்குள் முடிவுத் திகதி போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போனது. படிப்பில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை.

இதில் மனம் வருந்த வேண்டிய விடயம் என்னவென்றால், இப்படியான பாடசாலைகளில் பல ஏற்கனவே காசு கட்டித் தீர்வை வாங்கி வைத்திருக்கின்றன என்பதுதான்.

எப்படி என்று சொல்கிறோம். பவள விழா, வைர விழா வந்தால் பழைய மாணவர் சங்கம் பாடசாலைக்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுக்கும். பிரதம அதிதி மடிக்கணினியில் ஒரு பட்டனை அழுத்தி அங்குரார்ப்பணம் செய்வார். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் விழாவின் படங்களைத் தவிர ஒன்றும் ஏறாது. ஆனால் வருடா வருடம் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் யாரோ ஒரு நல்ல மனிதர் காசு கட்டிக்கொண்டே இருப்பார். ஹோஸ்டிங் பெக்கேஜ்களில் பெரும்பாலானவற்றில் அந்த டொமைன் பெயரிலேயே மின்னஞ்சல் கணக்குகள் திறக்கும் வசதியும் சேர்ந்தே வருகிறது. காசு கட்டிய வீட்டில் ஓர் அறையைத் திறந்து பார்க்காமலே இருக்கிறோம்.

அந்த அறையின் கதவுதான் கொன்ட்ரோல் பெனல். பெரும்பாலும் சீபெனல் என்ற மென்பொருளாக இருக்கும். சில நிறுவனங்கள் டைரக்ட்அட்மின், பிளெஸ்க் என்று வேறு வைத்திருக்கும். தோற்றம் மாறும், வேலை ஒன்றுதான். இதற்கு கணினிப் பட்டம் தேவையில்லை. பரீட்சைப் புள்ளிகளை எக்செலில் போடத் தெரிந்த எந்த ஆசிரியருக்கும் ஒரு பின்னேரம் போதும்.

உள்ளே போனதும் ‘ஈமெயில் எக்கவுண்ட்ஸ்’ என்று ஒரு படம் இருக்கும். அதில் ‘கிரியேட்’ என்பதை அழுத்தினால் மூன்று விடயங்கள் கேட்கும்: முகவரியின் முன்பகுதி, பாஸ்வேர்ட், எவ்வளவு இடம் ஒதுக்குவது. அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் அந்த மூன்றிலும் நாம் எடுக்கும் முடிவுகள்தான் பத்து வருடத்துக்கு நிற்கப் போகின்றன. ஆகவே நம் கருத்தைச் சொல்கிறோம்.

முதலாவது, முகவரியை ஆளின் பெயரில் திறக்காதீர்கள், பதவியின் பெயரில் திறங்கள். பிரின்சிபல், ஒஃபிஸ், எக்ஸாம்ஸ், ஸ்போர்ட்ஸ், லைப்ரரி. அதிபர் மாறுவார், அதிபர் என்ற கதிரை மாறாது. புதிய அதிபர் வந்து அமர்ந்ததும் தனக்கு முன் இருந்தவர் வலயத்துக்கு என்ன எழுதினார், என்ன பதில் வந்தது என்று முழுக்க வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். லொக் புத்தகத்தை நாம் வைத்திருப்பதும் அதற்காகத்தானே?

இரண்டாவது, கணக்குகளை அள்ளித் திறக்காதீர்கள். அறுபது ஆசிரியர்களுக்கும் ஆளுக்கு ஒன்று என்று தொடங்கினால் பராமரிக்க முடியாது. யாரும் பார்க்காத கணக்கும் பலவீனமான பாஸ்வேர்டும் களவெடுப்பவனுக்கு வசதி. அப்படி ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் அனுப்புவார்கள், கெட்ட பெயர் முழு டொமைனுக்கும் வரும். நான்கைந்து கணக்குகள் போதும்.

மூன்றாவது, இடத்தின் அளவு. ஒதுக்கிய இடம் நிரம்பினால் புதிய மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். எல்லையில்லாமல் விட்டால் மெயில் பெருகிப் பெருகி இணையத்தளத்தின் இடத்தையும் விழுங்கிவிடும், ஏனென்றால் பொதுவாக இரண்டுக்கும் ஒரே கிடங்குதான். ஒஃபிஸ் கணக்குக்குக் கூட இடமும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் கொடுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்களை மெயிலில் சேமித்து வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

கணக்கு திறந்த பிறகு அதைப் பார்ப்பதற்கு இரண்டு வழி. பாடசாலைத் தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு வெப்மெயில் என்று எழுதினால் பிரௌசரிலேயே பார்க்கலாம். அல்லது போனிலோ அவுட்லுக்கிலோ சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும்போது யூசர்நேம் என்ற இடத்தில் முழு முகவரியையும் எழுத வேண்டும். முன்பகுதியை மட்டும் எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். உள்வரும் மெயிலுக்கு ஐமேப், போர்ட் 993. வெளிச்செல்லும் மெயிலுக்கு எஸ்.எம்.டீ.பீ., போர்ட் 465. இரண்டும் எஸ்.எஸ்.எல். பாதுகாப்போடு. சீபெனலில் ‘கனெக்ட் டிவைசஸ்’ என்பதை அழுத்தினால் உங்கள் டொமைனுக்குரிய விபரம் எல்லாம் எழுதியே இருக்கும்.

இங்கே ஐமேப் என்பதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பொப் என்ற பழைய முறையும் இருக்கிறது, அதன் போர்ட் 995. பல இடங்களில் பொப் முறை மெயிலைக் கணினிக்கு இறக்கிவிட்டு சேர்வரில் இருந்து அழித்துவிடும். பிறகு அலுவலகக் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்தால் பாடசாலையின் கடிதங்களும் சேர்ந்து மௌத். ஐமேப் முறையில் கடிதம் சேர்வரிலேயே இருக்கும். அதிபரின் போனிலும் அலுவலகக் கணினியிலும் ஒரே கடிதத்தைப் பார்க்கலாம். பாடசாலைக்கு ஐமேப்தான் சரி.

அடுத்தது போர்வர்டர். ஒரு முகவரிக்கு வரும் மெயிலைத் தானாகவே இன்னொரு முகவரிக்குத் திருப்பி விடுவது. வசதியானதுதான். ஆனால் நம் அனுபவத்தில் இதுதான் பாடசாலைகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படும் இடம். ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது பாடசாலை மெயிலைத் தன் சொந்த ஜீமெயிலுக்குப் போர்வர்ட் போட்டு வைப்பார். இடமாற்றம் பெற்றுப் போவார். நாம் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு எல்லாம் சரி என்று நினைப்போம். பாஸ்வேர்டை மாற்றினால் போர்வர்டர் அழியாது. பாடசாலைக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவருக்கும் அது தலையிடி, நமக்கும் அது ஆபத்து. ஒருவர் போகும்போது பாஸ்வேர்டோடு போர்வர்டர் பட்டியலையும் பில்டர் பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஒருவர் போனதும் கணக்கையே டிலீட் பண்ணிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்கை அழித்தால் அதற்குள் இருக்கும் கடிதங்களும் அழியும். பாஸ்வேர்டை மாற்றினால் போதும். கொஞ்ச நாளைக்கு யாரும் பொறுப்பில் இல்லை என்றால் ‘மேனேஜ்’ பக்கத்தில் லொகின் பண்ணுவதை மட்டும் நிறுத்தி வைக்கலாம், வரும் மெயில் வந்துகொண்டே இருக்கும். வரவை, அனுப்புவதை, லொகினைத் தனித்தனியாக நிறுத்தும் வசதி சீபெனலில் இருக்கிறது.

பிழையான முகவரிக்கு வரும் மெயிலை என்ன செய்வது என்று ‘டிபோல்ட் எட்ரெஸ்’ பக்கம் கேட்கும். அதைப் பிழைச் செய்தியோடு திருப்பி அனுப்பும்படி வையுங்கள். அப்போதுதான் எழுதியவருக்குத் தான் எழுத்துப் பிழை விட்டது தெரியும். இல்லாவிட்டால் கடிதம் ஒரு மூலையில் போய் விழும், அவர் பதிலுக்குக் காத்திருப்பார்.

இவ்வளவும் செய்துவிட்டு, நாம் அனுப்புவது எல்லாம் ஸ்பாமில் விழுகிறது, ஜீமெயிலே நல்லது என்று திரும்பிப் போனவர்களையும் அறிவோம். அதற்கும் மருந்து அந்தப் பெனலுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’ என்ற பக்கத்தைத் திறந்தால் எஸ்.பி.எஃப்., டீ.கே.ஐ.எம். என்ற இரண்டும் சரியாக இருக்கிறதா என்று காட்டும். முதலாவது, எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள சேர்வர்கள் இவைதான் என்ற பகிரங்க அறிவித்தல். இரண்டாவது, ஒவ்வொரு கடிதத்திலும் குத்தப்படும் முத்திரை. முத்திரை இல்லாத கடிதத்தை நம் அலுவலகத்தில் ஏற்பார்களா? கூகுளும் ஏற்காது. ஜீமெயிலுக்கு அனுப்பும் எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் இருந்து விதியே போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ‘ரிப்பெயர்’ என்ற பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். டொமைனின் டீ.என்.எஸ். வேறு இடத்தில் இருந்தால் மட்டும் அந்த வரிகளைப் பிரதி எடுத்து அங்கே சேர்க்க வேண்டும்.

இப்போது மறுதரப்பின் வாதங்களுக்கு வருவோம். நியாயமானவையும் அதில் உண்டு.

எல்லாம் வட்ஸ்அப்பில் நடக்கிறதே, மின்னஞ்சல் எதற்கு என்கிறார்கள். வட்ஸ்அப் ஒருவருடைய போன் இலக்கத்தில் தொங்குகிறது. போன் மாறினால் வரலாறு போகலாம். அதைவிட, பெற்றோருக்கும் வெளியாருக்கும் மிஸ்மார் தங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு வரும் மெசேஜ்களைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாடசாலைக்கென்று ஒரு முகவரி இருந்தால் சொந்த இலக்கத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி கிடைக்கும்.

கூகுளின் பாதுகாப்பும் ஸ்பாம் பில்டரும் சாதாரண ஹோஸ்டிங்கை விடச் சிறந்தவை என்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. குறைந்த விலை ஹோஸ்டிங்கில் ஒரே சேர்வரில் பல தளங்கள் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் குப்பை மெயில் அனுப்பினால் நம் மெயிலும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆனால் அதற்கும் சொந்த டொமைன்தான் வழி. தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு கூகுள் தன் ‘வேர்க்ஸ்பேஸ் போர் எடியுகேஷன்’ சேவையின் அடிப்படைப் பதிப்பை இலவசமாகக் கொடுக்கிறது. மைக்ரோசொஃப்டும் அப்படி ஒன்று வைத்திருக்கிறது. சொந்த டொமைன் இருந்தால் விண்ணப்பித்து, மெயிலை மட்டும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது பெனலில் ‘ஈமெயில் ரவுட்டிங்’ என்பதை ‘ரிமோட்’ என்று வைக்க மறக்காதீர்கள். மறந்தால் பாடசாலைத் தளத்தின் தொடர்புப் படிவத்தில் இருந்து போகும் மெயில் பழைய சேர்வருக்குள்ளேயே விழுந்து கிடக்கும். ஆகவே இது சீபெனலா கூகுளா என்ற சண்டை இல்லை. பாடசாலையின் முகவரி பாடசாலையின் பெயரில் இருக்க வேண்டும் என்பதே பேச்சு. இன்று சேர்வர் இங்கே, நாளை அங்கே, முகவரி மாறாது.

டொமைன் விடயத்தில் இன்னொன்று. நம் நாட்டில் ‘எஸ்.சீ.எச். டொட் எல்.கே.’ என்று முடியும் பெயர்கள் பாடசாலைகளுக்கென்றே வைக்கப்பட்டுள்ளன. எல்.கே. டொமைன் பதிவகத்தில்தான் பதிய வேண்டும். அப்படி ஒரு பெயரில் இருந்து வரும் கடிதத்தைக் காணும்போது, இது பாடசாலைதானா என்று மேலே சொன்ன பல்கலைக்கழகம் கேட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமானது. பெனலின் திறப்பு யாரிடம்?

பல பாடசாலைகளின் டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒரு பழைய மாணவரின் சொந்தப் பெயரில், அவருடைய சொந்த மின்னஞ்சலில், அவருடைய வங்கி அட்டையில் இருக்கின்றன. அவர் டுபாயிலோ டோஹாவிலோ இருப்பார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அல்லாஹ் அவருக்குக் கூலி கொடுக்கட்டும். ஆனால் அட்டை காலாவதியானால்? அவர் வேலை மாறினால்? அவருக்கும் சங்கத்துக்கும் மனக்கசப்பு வந்தால்? அவர் மௌத்தாகிவிட்டால்? டொமைன் புதுப்பிக்கப்படாமல் போனால் இணையத்தளம் மட்டுமல்ல, அந்தப் பெயரில் உள்ள எல்லா மின்னஞ்சலும் நின்றுவிடும். காலக்கெடு முழுவதும் கடந்தால் வேறு யாரும் அந்தப் பெயரை வாங்கலாம். வாங்கியவர் நம் அதிபரின் முகவரியிலேயே கடிதம் எழுதலாம்.

ஆகவே டொமைன் பாடசாலையின் பெயரிலும் அதிபரின் பதவியிலும் பதியப்பட வேண்டும். காசு யார் கட்டினாலும் பரவாயில்லை, உரிமை பாடசாலைக்கு. அதோடு, ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கொடுக்கும் தொடர்பு முகவரிகளில் ஒன்று அந்த டொமைனுக்கு வெளியே இருக்க வேண்டும். டொமைன் நின்றுபோனால் உங்கள் டொமைன் நின்றுபோய்விட்டது என்ற அறிவித்தலும் அதே டொமைனுக்கு வந்தால் யார் வாசிப்பது?

பெனல் பாஸ்வேர்டுக்கும் மெயில் பாஸ்வேர்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். மெயில் பாஸ்வேர்ட் ஒரு பெட்டியை மட்டும் திறக்கும். பெனல் பாஸ்வேர்ட் உள்ளவர் எல்லாப் பெட்டியையும், அவற்றின் பாஸ்வேர்ட் தெரியாமலே, ‘செக் ஈமெயில்’ என்பதை அழுத்தித் திறக்கலாம். ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்கு நடந்ததைப் பற்றி அதிபருக்கு மட்டும் என்று எழுதும் கடிதம், வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான மிஸ்ஸுக்கு ஒரு மாணவி எழுதும் கடிதம், ஓர் ஆசிரியரின் மருத்துவ விடுமுறை விபரம் எல்லாம் அதற்குள் இருக்கும். தளத்தைச் செய்து கொடுத்த தம்பியிடம் அந்தப் பாஸ்வேர்ட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், இருந்தும் அது அவரிடம் இருக்கக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அமானிதம் என்ற சொல்லின் பாரத்தை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

கடைசியாக பெக்அப். நம்மைவிடப் பெரிய இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் ‘கவ் டொட் எல்.கே.’ மின்னஞ்சல் சேவை ரென்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 இல் இருந்து ஓகஸ்ட் 26 வரையான மெயில்களுக்கு பெக்அப் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. அவர்களுக்கே அப்படி என்றால் ஓர் ஐ.சீ.டி. சேரை நம்பியிருக்கும் நமக்கு? பெனலில் பெக்அப் பக்கம் திறந்து, தவணைக்கு ஒரு தடவை முழுவதையும் இறக்கி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அதிபரின் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். வருடத்துக்கு மூன்று தடவை. தவணைப் பரீட்சை முடிந்த கிழமையில் செய்தால் மறக்காது.

ஆசிரியர் கலாசாலையில் வரவுப் பதிவேட்டை எப்படி எழுதுவது, பிழை வந்தால் எப்படி ஒற்றைக் கோடு போட்டு வெட்டிக் கையொப்பம் வைப்பது என்று நமக்குக் கவனமாகச் சொல்லித்தந்தார்கள். பதிவேடு பாடசாலைக்குச் சொந்தம், ஆசிரியருக்கு இல்லை என்பதுதான் அதன் அடிப்படை. அதே ஒழுங்கு மின்னஞ்சலுக்கும் வேண்டும் என்பதைத் தவிர நாம் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இன்வென்டரி புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டொமைன் பெயர், எங்கே பதியப்பட்டது, எப்போது புதுப்பிக்க வேண்டும், ஹோஸ்டிங் எங்கே, எத்தனை மின்னஞ்சல் கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். பாஸ்வேர்டுகளை அதில் எழுதாமல் ஓர் உறையில் இட்டு ஒட்டி, மேலே கையொப்பம் வைத்து, இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். பொறுப்பில் உள்ளவர் மாறும் ஒவ்வொரு தடவையும் உறையும் மாற வேண்டும்.

அதிபர்மாரிடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களிடமும், பழைய மாணவர் சங்கக்காரர்களிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நம் பாடசாலையின் டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது? பெனல் பாஸ்வேர்ட் இன்று யார் யாரிடம் இருக்கிறது? கடிதத் தலைப்பில் அச்சடித்திருக்கும் மின்னஞ்சலை நேற்று யார் திறந்து பார்த்தார்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இல்லாவிட்டால் இந்தத் தவணை விடுமுறை போதும், இன்ஷா அல்லாஹ். உங்கள் வலயத்தில் இதைச் செய்யத் தெரிந்த ஓர் ஆசிரியர் கட்டாயம் இருப்பார். ஒருநாள் கூப்பிட்டு, ஒரு தேநீர் கொடுத்து, பக்கத்தில் இருந்து செய்து எடுங்கள். அவரைச் செய்யவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள், நீங்களும் உங்கள் அலுவலகத்தில் உள்ள இன்னொருவரும் சேர்ந்து பழகுங்கள். நாளை அவருக்கும் இடமாற்றம் வரும்.